உபயம்: சுல்தான் ஹசன்

கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுவதைப் பற்றி இதுவரை வந்த ஜோக்குகளை எண்ண ஆரம்பித்தால், அதற்கென்று தனி லெட்ஜர் போட வேண்டும். நாலடி டியூப்லைட். மூன்றரை அடிக்கு உபயதாரர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், மளிகைக் கடை பெயர், கடை இருக்கும் தெரு. மீதி அரையடியில் அம்பாளுக்கு வெளிச்சம்! நீங்களும் சிரித்திருப்பீர்கள். நானும் சிரிப்பேன். என்ன, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் லேட்டாக.

ஏனென்றால் எங்கள் ஊரில் அந்த எழுத்தையெல்லாம் எழுதினது எங்கப்பா.

அப்பாவுக்குப் போர்டு எழுதுகிற தொழில். கடை போர்டு, சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம், திருவிழா சீசனில் டியூப்லைட். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அதன்மேல் டியூப்லைட்டைக் கைக்குழந்தை மாதிரி கிடத்திக்கொண்டு, கறுப்பு எனாமலில் பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டு எழுதுவார். ஒரு சொட்டு வழியாது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் ஓர் அறிவாளிக் கேள்வி கேட்டேன்.

"எழுத்தைச் சின்னதாப் போட்டா வெளிச்சம் நல்லா வருமேப்பா?"

அவர் பிரஷ்ஷை எடுக்காமலே பதில் சொன்னார்: "உபயம் குடுத்தவரு வெளிச்சத்துக்காடா குடுத்தாரு?"

கடை போர்டு என்றால் மட்டும் அப்பா தனக்கும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்வார். வலது பக்கம் அடி மூலையில், எறும்பு சைஸில், தன் பெயரும் பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்ற வார்த்தையும். டியூப்லைட்டில் அதற்கும் இடம் இருக்காது.

இந்த உபய சமாச்சாரம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட 700 வருஷத்துக்கு முன்பே எகிப்தில் இது கொடிகட்டிப் பறந்திருக்கிறது என்பது 2019-ல்தான் தெரிந்தது.

* * *

அப்போது நான் எழுதிப் பிழைக்கிறவன் இல்லை. பி.காம். படித்த பாவத்துக்கு ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கெய்ரோவில் இருந்த ஏஜென்ட்டின் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப் போகவில்லை. "போய் டாலி பண்ணிட்டு வாப்பா" என்று ஒரு வாரத்துக்கு அனுப்பினார்கள். எகிப்து என்றதும் நான் பிரமிடு, ஒட்டகம், கிளியோபாட்ரா என்று கற்பனை செய்துகொண்டு போனேன். கிடைத்தது வவுச்சர் ஃபைல்.

நல்லவேளை, அங்கே வெள்ளியும் சனியும் ஆபீஸ் லீவு. வெள்ளிக்கிழமை பிரமிடு ஆயிற்று. சனிக்கிழமை, அந்த ஆபீஸின் சீனியர் அக்கவுண்டன்ட் ஹோட்டலுக்கே வந்துவிட்டார். ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி இருந்த பெரியவர். நாம் 'சார்' போடுகிற மாதிரி அங்கே 'உஸ்தாஸ்' போடுவார்கள். நானும் அவரை உஸ்தாஸ் என்றுதான் கூப்பிட்டேன்.

"பிரமிடு எல்லோரும் பார்ப்பது. வாருங்கள், உங்களுக்கு விளக்கு காட்டுகிறேன்" என்றார். கெய்ரோ வரைக்கும் வந்து விளக்கா என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேதான் போனேன்.

பாப் அல் கல்க் என்ற இடத்தில் இருக்கிறது இஸ்லாமியக் கலை மியூசியம். 1903-ல் திறந்த கட்டிடம். அங்கே ஒரு கூடத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. முதலில் எனக்கு அவை விளக்கு என்றே தெரியவில்லை. பூ ஜாடி என்று நினைத்தேன். மேலே புனல் மாதிரி விரிந்த கழுத்து, நடுவில் குடம் மாதிரி வயிறு, கீழே ஒரு பாதம். ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். வயிற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் காதுகள். அந்தக் காதுகளில் சங்கிலி மாட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்களாம்.

"திரி எங்கே உஸ்தாஸ்?" என்றேன்.

"உள்ளே தனியாக ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைப்பார்கள். கீழே தண்ணீர், தண்ணீருக்கு மேலே எண்ணெய், எண்ணெயில் திரி."

ஆக, நாம் பார்ப்பது விளக்கு அல்ல. விளக்குக்குத் தைத்த சட்டை! ஆனால் என்ன மாதிரி சட்டை தெரியுமா? உடம்பு முழுக்க நீலமும் பொன்னும் சிவப்புமாகக் கொடி, பூ, எழுத்து. ஒரு விரல் வைக்க இடம் காலி இல்லை.

1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். அவர்கள் காலத்துச் சரக்கு இது. அதிலும் பிரமாதமானவை 14-ஆம் நூற்றாண்டில் செய்தவை. உலகத்தில் இவை அதிகமாகச் சேர்ந்திருப்பது இந்த மியூசியத்தில்தான். அவற்றில் நிறைய, சுல்தான் ஹசன் என்பவர் கட்டிய ஒரே மசூதியிலிருந்து வந்தவை.

"நிறமெல்லாம் பெயின்ட்டா?"

"எனாமல்" என்றார் உஸ்தாஸ்.

என் காது நிமிர்ந்தது. எனாமல் வாசனையில் வளர்ந்த பிள்ளையல்லவா நான்? ஆனால் இது டப்பாவில் வருகிற எனாமல் இல்லை. கண்ணாடியைப் பொடி செய்து, நிறத்துக்கு வேண்டிய பொருளைச் சேர்த்து, குழம்பாகக் குழைத்து, ஊதி ஆறவைத்த விளக்கின்மேல் எழுதுவது. சில விளக்குகளில் நீலத்துக்காக ஆப்கானிஸ்தான் மலையில் கிடைக்கிற லாப்பிஸ் லசூலி கல்லையே அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள். பொன்னைப் பூசி, அதன் ஓரத்தில் தலைமுடி கனத்தில் சிவப்புக் கோடு இழுத்து, அப்புறம் மற்ற நிறங்களை நிரப்பியிருக்கிறார்கள்.

இதோடு முடிந்தால் எங்கப்பாவே செய்துவிடுவார். இனிமேல்தான் விஷயம். எழுதினதை மறுபடி உலையில் காட்ட வேண்டும். எழுதின கண்ணாடி இளகி ஒட்ட வேண்டும். எழுதப்பட்ட கண்ணாடி இளகக் கூடாது. இரண்டுமே கண்ணாடி! எனாமல் கொஞ்சம் குறைந்த சூட்டில் இளகும், விளக்கு கொஞ்சம் கூடின சூட்டில் இளகும். அந்த இரண்டு 'கொஞ்ச'த்துக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சந்தில்தான் அந்தத் தொழிலாளியின் பிழைப்பு. தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. கம்பி முனையில் விளக்கை ஒட்டவைத்து, உலை வாயில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்தான் அளவு. ஒரு கணம் அசந்தால் சுல்தான் பெயர் எழுதின குடம் கொழுக்கட்டை ஆகிவிடும்.

கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிகிறது. பல விளக்குகள் நேராக இல்லை. ஒன்று லேசாக இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றின் வாய் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. கண்ணாடிக்குள் அங்கங்கே காற்றுக் குமிழ்கள். எனக்கென்னவோ அதற்கப்புறம்தான் அவற்றின்மேல் பிரியம் வந்தது.

* * *

எனக்கு அரபி தெரியாது. உஸ்தாஸ் விரலால் கண்ணாடிப் பெட்டியைத் தொடாமல் தொட்டுக் காட்டிப் படித்தார்.

விளக்கின் கழுத்தில் பெரும்பாலும் குர்ஆன் வசனம். 24-ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அந்நூர்', அதாவது ஒளி. அதன் 35-ஆவது வசனம் இறைவனின் ஒளியை மாடத்தில் வைத்த விளக்குக்கும், அந்த விளக்கைச் சூழ்ந்த கண்ணாடிக்கும் உவமை சொல்கிறது. கண்ணாடி விளக்கில் எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் வேறு எங்கே கிடைக்கும்? உஸ்தாஸுக்கு அது மனப்பாடம். கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"என்ன ஆச்சு?"

"இடம் தீர்ந்துவிட்டது!"

நிஜமாகவே! கழுத்தைச் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்தை எட்டியதும் வசனம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. நிறைய விளக்குகளில் இப்படித்தானாம். படிக்கிறவனுக்கு மீதி மனப்பாடம், அதனால் பாதகமில்லை. ஆனால் எனக்கு உடனே அப்பாவின் நூல் ஞாபகம் வந்தது. எழுதுவதற்கு முன் சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, எழுத்தை எண்ணிக் கட்டம் பிரிப்பார். அப்படியும் சில சமயம் 'ஸ்டோர்ஸ்' என்பதில் கடைசி 'ஸ்' போர்டின் ஓரத்தில் மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கும்.

கழுத்தில் கடவுள். வயிற்றில் யார்? உபயதாரர்! வயிறுதான் அகலம், அங்கேதான் பெரிய எழுத்து போட முடியும். சுல்தான் பெயர், அவருடைய பட்டங்கள், அவர் வெற்றி ஓங்குக என்கிற வாழ்த்து. நம்ம ஊர் கட் அவுட் வாசகம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

சுல்தானுக்குக் கீழே இருந்த அமீர்களும் விளக்கு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் விளக்கில் பெயரோடு ஒரு வட்டத்துக்குள் ஒரு சின்னமும் இருக்கும். கோப்பை போட்டிருந்தால் சுல்தானுக்குப் பானம் ஏந்துகிற சாகி. வாள் என்றால் ஆயுதங்களுக்குப் பொறுப்பாளர். பேனாப் பெட்டி என்றால் செயலாளர். போலோ மட்டை என்றால் சுல்தானின் விளையாட்டு மட்டைகளைக் கவனிக்கிற அதிகாரி. புரிகிறதா? டெசிக்னேஷன்! கோயில் கல்வெட்டில் 'உதவி மேலாளர் (ஓய்வு)' என்று போட்டுக்கொள்வதை நாம் கிண்டல் செய்கிறோமே, அது 14-ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது.

பெயரில் ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டேன். உஸ்தாஸ் சொன்ன பதிலுக்குப் பிறகு எனக்குக் கிண்டல் கொஞ்சம் குறைந்துவிட்டது.

மம்லூக் என்றால் இன்னொருவருக்கு உடைமையானவன் என்று அர்த்தம். கருங்கடலுக்கு வடக்கேயும் காகசஸ் மலைப் பக்கத்திலும் பிறந்த சிறுவர்களை அடிமைகளாக வாங்கிக் கொண்டுவந்து, மதம் கற்பித்து, குதிரையும் வாளும் பழக்கிச் சிப்பாய்களாக்கினார்கள். அந்தச் சிப்பாய்களே ஒரு கட்டத்தில் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா யார், தாத்தா யார் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் இல்லை. அமீர் பதவி தன்னோடு சரி. பிள்ளைக்குத் தானாகப் போகாது. இன்று அரண்மனை, நாளைக்கு ஜெயில், சொத்தெல்லாம் பறிமுதல். அவர்களுக்கென்று நிலைத்து நிற்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: மசூதிக்கோ, மதரஸாவுக்கோ வக்ஃப் எழுதிவைப்பது. வக்ஃப் பத்திரத்தில் விளக்கு எண்ணெய்க்குச் செலவு, விளக்கேற்றுகிற ஆளுக்குச் சம்பளம் எல்லாம் தனித்தனியாக எழுதியிருப்பார்களாம். விளக்கு கேபிடல், எண்ணெய் ரெவின்யூ! பி.காம். படித்தவனுக்கு இதைவிட நன்றாக எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இந்த இடத்தில்தான் உஸ்தாஸ் என்னை ஒரு விளக்குக்கு முன்னால் நிறுத்தி, "நிறத்தைப் பாருங்கள்" என்றார். கழுத்தில் இருக்கிற வசனம் நீல எழுத்து. வயிற்றில் இருக்கிற பெயர் அப்படி இல்லை. எழுத்தைச் சுற்றியுள்ள தரை முழுக்க நீலத்தைத் தடிப்பாகப் பூசியிருக்கிறது. எழுத்து இருக்கிற இடத்தில் நீலம் கிடையாது. வெறும் கண்ணாடி, அதன்மேல் மெல்லிய பொன் பூச்சு. அந்தப் பொன்னும் பாதி தேய்ந்துவிட்டது. பல விளக்குகளில் இதுதான் முறை.

"உள்ளே விளக்கேற்றினால் என்ன ஆகும், சொல்லுங்கள்?"

எனக்குச் சொல்லத் தெரிந்தது. நீலம் வெளிச்சத்தைத் தடுக்கும். எழுத்து வழியாக வெளிச்சம் வரும்.

டியூப்லைட்டில் பெயர் இருக்கிற இடத்தில் இருட்டு. இங்கே பெயர் இருக்கிற இடத்தில் வெளிச்சம். உபயதாரரின் ஆசையும் தீர்ந்தது, மசூதிக்கு விளக்கும் ஆச்சு. அந்தத் தொழிலாளி எப்பேர்ப்பட்ட கில்லாடி பாருங்கள்!

* * *

மத்தியானம் சுல்தான் ஹசன் மசூதிக்குப் போனோம். 1356-ல் கட்ட ஆரம்பித்த கட்டிடம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த உயரத்திலிருந்து நீள நீளமாகச் சங்கிலிகள் தொங்குகின்றன, தலைக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும். அவற்றின் முனையில் இப்போது சாதாரண விளக்குகள். எனாமல் விளக்குகளை மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சுல்தான் ஹசன் முதலில் சிம்மாசனம் ஏறியது 1347-ல், நம்ம ஊரில் ஏழாவது எட்டாவது படிக்கிற வயசு. மறு வருஷமே கெய்ரோவில் கொள்ளைநோய். 1351-ல் இறக்கிவிட்டார்கள், 1354-ல் மறுபடி ஏற்றினார்கள். 1361-ல் மசூதியின் மினார் ஒன்று சரிந்து விழுந்து சுமார் 300 பேர் செத்துப்போனார்கள். சரியாக 33 நாள் கழித்துச் சுல்தானைக் கொன்றுவிட்டார்கள். உடல் கிடைக்கவே இல்லை. தனக்காக அந்த மசூதியிலேயே அவ்வளவு பெரிய கல்லறை மண்டபம் கட்டியவர், அதில் இல்லை. விளக்கில் மட்டும் அவர் பெயர் இருக்கிறது.

விளக்குகளுக்கும் சோதனை வராமல் இல்லை. மியூசியத்துக்கு எதிர்ப்பக்கம் போலீஸ் தலைமை அலுவலகம். 2014 ஜனவரி 24-ஆம் தேதி காலையில் அதன் வாசலில் கார் வெடிகுண்டு. அதிர்ச்சியில் மியூசியத்தின் கூரையும் ஜன்னலும் பெயர்ந்து, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் உடைந்தன, கண்ணாடி விளக்குகளும்தான். துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டி, 2017 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். "ஒட்டினது எது, உடையாதது எது என்று நானும் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை" என்றார் உஸ்தாஸ், ஏதோ தானே உட்கார்ந்து ஒட்டின மாதிரி பெருமையாக.

தொழில் என்ன ஆயிற்று? 1401-ல் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடி, கைத்தொழில் தெரிந்தவர்களை சமர்கண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எனாமல் விளக்கின் பழைய வேகம் திரும்பவில்லை. 1569-ல் துருக்கியின் ஒட்டோமான் பிரதம மந்திரி சோகொல்லு மெஹ்மத் பாஷா, மசூதி விளக்கு 900 வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது வெனிஸுக்கு! 1867 பாரிஸ் பொருட்காட்சியில் பிரோக்கார் என்கிற பிரெஞ்சுக்காரர் மம்லூக் பாணி எனாமல் கண்ணாடியைத் தானே செய்து வைத்துப் பெயர் வாங்கினார். ஏற்றுமதி செய்த ஊர் இறக்குமதி செய்கிற கதை எங்கள் கம்பெனி லெட்ஜரிலும் உண்டு.

* * *

ஊர் திரும்பி, கணக்கு டாலி ஆன சந்தோஷத்தில் ஆபீஸ் என்னை மறந்திருந்த ஒரு சாயங்காலம், கம்ப்யூட்டரில் இந்த விளக்குகளைத் தேடிக்கொண்டிருந்தேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. 1330 வாக்கில் செய்தது. உபயம்: அமீர் கவ்சூன்.

கவ்சூனின் கதை சினிமா மாதிரி. வடக்கே வோல்கா நதிப் பக்கத்து மங்கோலிய அரசிலிருந்து எகிப்து சுல்தானுக்கு மணப்பெண்ணாக ஓர் இளவரசி 1320-ல் வந்தாள். அந்தக் கூட்டத்தோடு வந்த சின்ன வியாபாரி இவர். சுல்தான் கண்ணில் பட்டு, அரண்மனைக்குள் நுழைந்து, கோப்பை ஏந்துகிற சாகி ஆனார். பிறகு சுல்தானின் மாப்பிள்ளையே ஆனார். 1341-ல் மாமனார் இறந்த பிறகு ஒரு குழந்தையைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து ராஜ்யத்தைத் தானே நடத்தினார். 1342-ல் கவிழ்த்து, சிறையில் தள்ளிக் கொன்றார்கள். அவ்வளவு உயரத்துக்குப் போனவரின் விளக்கில் இருக்கிற சின்னம் என்ன தெரியுமா? கோப்பைதான். முதல் உத்தியோகத்தின் சின்னம்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கவ்சூன் அல்ல. விளக்கின் பாதத்தில், கடைசியில், இன்னொரு பெயர் இருக்கிறது. அலி இப்னு முகமது. முகமதுவின் மகன் அலி. விளக்கைச் செய்தவர். மம்லூக் விளக்குகளில் செய்தவர் பெயர் இருப்பது மிக மிக அபூர்வம். அத்தனை விளக்குகளில் அத்தனை பேர் உலைச் சூட்டில் நின்று யார் யார் பெயரையோ எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருத்தர் அடியில் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.

அடியில். சின்ன எழுத்தில். அப்பாவின் பெயரோடு.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். 2008. பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜுக்கு எதிரே டீக்கடைக்குப் புது போர்டு வந்திருந்தது. பக்கத்தில் நின்ற நண்பன் மூலையில் இருந்த எறும்பு எழுத்தைப் படித்துவிட்டான். "டேய், உன் இனிஷியல்ல இருக்கிற பேருடா இது! உங்கப்பாவா?"

"இல்லடா, வேற யாரோ" என்றேன்.

கடைக்குள்ளே பாக்கிப் பணம் வாங்க அப்பா நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்தார். என்னைத் தெரியாத மாதிரியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கடா" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் அதே தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு போர்டு எழுதினார். போய்ப் பார்த்தேன். மூலை காலி. அதற்கப்புறம் அவர் எழுதின எந்த போர்டிலும் மூலையில் எழுத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சீக்கிரமே ஃப்ளெக்ஸ் வந்து, போர்டு எழுதுகிற வேலையே காலியாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்டேனா? பாக்கியை அடுத்த வருஷத்துக்கு கேரி ஃபார்வர்ட் செய்வது எப்படி என்று பி.காம்.மில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைத்தான் செய்தேன். பதினோரு வருஷம்.

* * *

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது படங்களைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, சாய்த்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சுல்தானைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"சிவப்புல அவுட்லைன் போட்டிருக்கான். நல்ல கை. உருண்டையான சாமான்ல இவ்வளவு பெரிய எழுத்து போடறது சாமான்யம் இல்லடா. முன்னாடி பார்த்து எழுதினா பின்னாடி இடிக்கும்."

கழுத்து வசனம் பாதியில் நிற்பதைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. "அவனுக்குமா!" என்றார்.

பிறகு பாதத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இது செஞ்சவன் பேருப்பா. அடியில போட்டிருக்கான்."

அப்பா மறுபடி பார்த்தார். "இதை எங்க மாட்டுவாங்க?"

"உயரத்துல. சங்கிலியில தொங்கும்."

"அப்போ கீழ நிக்கிறவன் அண்ணாந்து பார்த்தா முதல்ல எது தெரியும்?"

நான் யோசிக்கவே இல்லை. பாதம்!

"விவரமான ஆளு" என்றார் அப்பா. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், ஏதோ பக்கத்துத் தெரு சேக்காளி ஒருத்தன் நல்ல காண்டிராக்ட் பிடித்துவிட்ட மாதிரி.

அந்த நேரத்தில் டீக்கடை விஷயத்தை எடுத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு: "அப்பா, என் வீட்டுக் கதவுக்கு ஒரு நேம் போர்டு எழுதித் தரீங்களா?"

"வாடகை வீட்டுக்கு எதுக்குடா போர்டு?"

"தபால்காரர் தேடறார்ப்பா."

தபால்காரர் தேடவில்லை. எனக்கு யார் தபால் எழுதுகிறார்கள்? ஆனாலும் அப்பா பரணிலிருந்து டப்பாவை இறக்கச் சொன்னார். பிரஷ் எல்லாம் விறைத்துப் போயிருந்தது; டர்பன்டைனில் ஊறப் போட்டார். பழைய அலமாரிப் பலகையைத் தேய்த்து, நூல் அடித்து, இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினார். கை லேசாக நடுங்குகிறது. ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அந்த மியூசியத்து விளக்குகள் மாதிரியே. என் பெயர், கீழே பி.காம்.

"டிகிரி வேண்டாம்ப்பா."

"இருக்கட்டும். பீஸ் கட்டினது நான்."

போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வலது பக்கம் அடி மூலை காலியாக இருந்தது. விரலை அங்கே வைத்தேன்.

"இங்க?"

"அங்க என்ன?"

"உங்க பேரு."

அப்பா என்னைப் பார்த்தார். டீக்கடை வாசலில் பார்க்காமல் போன பார்வையையும் சேர்த்துப் பார்த்த மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த ஒண்ணாம் நம்பர் பிரஷ்ஷை எடு" என்றார்.